சாவி யாரிடம் இருக்கிறது

பின்னாளில் மாற்றுப் பள்ளியான எங்கள் கற்றல் மையத்தைத் தை மாதம் தொடங்கினோம். சித்திரையில் ஒரு மதியம், எட்டு வயதுப் பெண் ஒருத்தி கையில் மாங்காயோடு என் முன்னால் வந்து நின்றாள்.

"அக்கா, சாவி குடுங்க."

கத்தி, அரிவாள்மனை, சுத்தியல், ரம்பம் எல்லாம் ஒரு தகர பீரோவுக்குள் இருந்தன. சாவி என் இடுப்பில். "நான் நறுக்கித் தர்றேன் கண்ணு" என்றேன். அவள் நகரவில்லை. "எங்கூட்டுல தெனமும் நாந்தான் வெங்காயம் அரியறேன். இங்க மட்டும் ஏன் கூடாது?"

எனக்கு வாய் அடைத்துவிட்டது. 'எங்கள் இடத்தில் குழந்தை தானாகக் கற்கும், தன் வேலையைத் தானே செய்யும்' என்று நாலு மாதமாக வீடு வீடாகப் போய்ப் பேசிக்கொண்டிருந்தவள் நான். வீட்டில் அவள் அன்றாடம் செய்கிற வேலையை என்னிடத்தில் செய்ய முடியவில்லை. மாற்றுப் பள்ளி தொடங்கப் போகிறோம் என்று இப்போது யாராவது தேடி வந்தால், பாடத்திட்டம், நன்கொடை எல்லாம் பேசுவதற்கு முன்னால் நான் கேட்பது ஒன்றுதான்: எதையெல்லாம் பூட்டி வைக்கப் போகிறீர்கள், சாவி யாரிடம் இருக்கும்?

மையம் தொடங்குவதற்கு முன்பு எட்டு வருடம் நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். ஊரில் 'பிராய்லர் கோழிப் பள்ளி' என்று சொல்வார்களே, அந்த வகை. காலை 5 மணிக்குப் படிப்பு, இரவு 10 மணிக்கு விளக்கணைப்பு. 11ஆம் வகுப்புப் பாடத்தைத் தொடாமலே நேராக 12ஆம் வகுப்புப் பாடத்தை இரண்டு வருடம் ஓட்டுவோம். (2017-18இல் 11ஆம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தபின் அதற்கு ஒரு முட்டுக்கட்டை விழுந்தது. நான் அதற்குள் வெளியே வந்துவிட்டேன்.) புதிதாக எதைச் சொல்லிக் கொடுத்தாலும் பையன்கள் கேட்பது, "மிஸ், இது வருமா?" தேர்வுக்கு வரும் என்றால் பேனாவை எடுப்பார்கள். வராது என்றால் கீழே வைத்துவிடுவார்கள். கணக்கில் 200க்கு 200 வாங்கிய ஒரு பையன், கல்லூரியில் சேரும் வாரத்தில் வங்கியிலிருந்து எனக்குப் போன் செய்தான். செலானில் எந்தக் கட்டத்தில் எதை எழுதுவது என்று தெரியவில்லையாம். அவனைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி? அவனுக்கு எல்லாவற்றையும் நிரப்பிக் கொடுத்தே பழக்கியவர்களில் நானும் ஒருத்தி.

வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தேன். அந்தியூருக்கும் பர்கூர் மலைக்கும் இடையில் அடிவாரத்தில் ஒரு சின்ன ஊர். மஞ்சள், மரவள்ளி, கொஞ்சம் கரும்பு. பெரியப்பாவின் ஒன்றரை ஏக்கர் மேட்டுக்காட்டைக் குத்தகைக்கு எடுத்தோம். நான், என் கணவர், கூட ஒரு தோழி, அவ்வளவுதான்.

மனதில் ஒரு படம் இருந்தது. கீற்றுக் கொட்டகை, சாணி மெழுகிய தரை, மரத்தடி. கீற்று வேய ஆள்கூடப் பேசிவிட்டோம். விசாரிக்கப் போன அலுவலகத்தில் ஒரு பெரியவர் கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே, "கீற்று கூடாதும்மா" என்றார். எனக்குச் சுருக்கென்றது. கான்கிரீட் பெட்டி கட்டினால்தான் பள்ளியா என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் பாதி தூரம் வந்தபிறகுதான் கும்பகோணம் நினைவுக்கு வந்தது. 2004 ஜூலை 16. சமையலறையில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்கு ஏறி 94 பிள்ளைகள் போனார்கள். பெரியவர் மேல் இருந்த கோபமெல்லாம் இறங்கிவிட்டது. ஓட்டுக் கூரை போட்டோம். ஒவ்வோர் அறைக்கும் வெளிப்பக்கமாகத் திறக்கும் இரண்டு கதவுகள். செலவு இரட்டிப்பாயிற்று.

அங்கீகாரம் பற்றிச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 18ஆவது பிரிவுப்படி, அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்தினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். அதற்கு மேலும் தொடர்ந்தால் நாளுக்குப் பத்தாயிரம் வரை. 'நாங்கள் மாற்றுப் பள்ளி' என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. அதனால் முதல் இரண்டரை வருடம் நாங்கள் பள்ளியாகவே இல்லை. மாலையிலும் சனி ஞாயிறும் மட்டும் நடக்கும் மையம். பிள்ளைகள் ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்குப் போய்விட்டு எங்களிடம் வருவார்கள். வேறு வழியில்லாமல் செய்தோம், ஆனால் அதுதான் எங்களைக் காப்பாற்றியது. எங்கள் தப்புகளையெல்லாம் மையமாக இருக்கும்போதே செய்து முடித்தோம். எந்தக் குழந்தையின் படிப்பும் அதனால் கெடவில்லை. நேரடியாக முழுநாள் பள்ளியாகத் தொடங்க நினைப்பவர்களிடம், ஒரு வருடமாவது இப்படி நடத்திப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன். கட்டட உறுதிச் சான்று, கட்டட உரிமம், தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, சுகாதாரச் சான்று என்று ஒவ்வொன்றாக வாங்கவும் அந்தக் காலம் சரியாக இருந்தது. ஆசிரியர்களும் ஆசிரியப் பயிற்சியும் தகுதித் தேர்வும் முடித்தவர்களாக இருக்க வேண்டும். ஆர்வம் மட்டும் போதாது.

சரி, தப்புகளுக்கு வருகிறேன். முதல் மாதம், 'பிடித்ததைச் செய்யுங்கள்' என்று பிள்ளைகளை விட்டுவிட்டு ஓரமாக நின்றோம். பெரிய பையன்கள் கேரம் போர்டைப் பிடித்துக்கொண்டார்கள். சின்னதுகள் அழுதன. ஒருத்தன் மூன்று வாரமும் ஊஞ்சலை விட்டு இறங்கவில்லை. நாலாவது வாரம் ஒரு பெண் மெதுவாக வந்து, "அக்கா, நீங்க ஒண்ணுமே சொல்லித் தர மாட்டீங்களா?" என்று கேட்டாள். குரலில் பாவம் பார்க்கிற தொனி.

விடை எனக்கு ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும். 2008இல் என் அக்கா வேலை பார்த்த ஒன்றியப் பள்ளியில் செயல்வழிக் கற்றல் வகுப்பைப் பார்த்திருக்கிறேன். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்க வந்த முறை. வேர் ஆந்திராவின் ரிஷி வேலி கிராமப் பள்ளிகளில். பிள்ளை தானே எழுந்து போய், உரிய படம் போட்ட தட்டிலிருந்து அட்டையை எடுத்து வந்து, பாயில் உட்கார்ந்து செய்யும். அடுத்து எந்த அட்டை என்று சுவரில் உள்ள ஏணிப்படி அட்டவணை சொல்லும். டீச்சரைக் கேட்கவே வேண்டாம். அன்று அதைப் பார்த்து, 'அரசுப் பள்ளிதானே' என்று கடந்துவிட்டேன். பிள்ளை தானாகக் கற்க வேண்டுமென்றால், தானாக எடுக்கும் உயரத்தில், தானாகப் புரியும் வரிசையில் பொருள் இருக்க வேண்டும். அதைத் தயார் செய்வது பெரியவர்கள் வேலை, அதுவும் முதுகொடிகிற வேலை. இரண்டு மாதம் இரவில் உட்கார்ந்து நானும் தோழியும் நானூறு அட்டைகள் எழுதினோம். திருமண அழைப்பிதழ்களின் பின்பக்கம்தான் எங்கள் அட்டை.

அப்புறம் திங்கள்கிழமைத் திட்டம். ஒவ்வொரு பிள்ளையும் தன் நோட்டில் அந்த வாரத்துக்கு மூன்று வேலை எழுதும். தமிழில் ஒன்று, கணக்கில் ஒன்று, கையால் செய்வது ஒன்று. ஆரம்பத்தில் பத்துப் பத்தாக எழுதித் தள்ளினார்கள். வெள்ளிக்கிழமை பார்த்தால் இரண்டு முடிந்திருக்கும். திட்டக்கூடாது என்பது எங்களுக்குள் இருந்த ஒப்பந்தம். மூன்று மாதம் போனபின் ஒருவன் தானாகவே இரண்டே இரண்டு எழுதி, இரண்டையும் முடித்திருந்தான். அதற்கு அவனைவிட நான்தான் அதிகம் பொறுமை காத்தேன் என்று நினைக்கிறேன். பிள்ளை திணறும்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பது இருக்கிறதே, எட்டு வருடம் கரும்பலகையில் கணக்கைப் போட்டுக் காட்டியே பழகியவளுக்கு அது பட்டினி கிடப்பது மாதிரி.

கத்தி விஷயம் என்ன ஆயிற்று என்றால், மாங்காய்க்கு மறுநாள் பீரோவைத் திறந்தோம். திறந்து போட்டுவிடவில்லை. அரிவாள்மனைக்கு மூன்று படி வைத்தோம். முதலில் வெண்டைக்காய், பிறகு வெங்காயம், கடைசியில் பூசணி. ஒவ்வொரு படியையும் ஏற்கெனவே தாண்டிய பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துச் சரி சொல்ல வேண்டும். இத்தனை வருடத்தில் தையல் போடும் அளவுக்கு இரண்டு வெட்டு. அதில் ஒன்று எனக்கு. முதலுதவிப் பெட்டியும், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு உடனே கூட்டிப்போக ஒரு வண்டியும், யாருக்கு எப்போது டிடி (ரணஜன்னித் தடுப்பு) ஊசி போட்டது என்ற பட்டியலும் இல்லாமல் இதைத் தொடங்க வேண்டாம். பெற்றோரிடம் முன்னாலேயே சொல்லிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். வெட்டுப்பட்ட பிறகு விளக்கினால் எடுபடாது.

அங்கீகாரம் வந்து முழுநாள் பள்ளியான முதல் வாரமே பிரச்சினை கழிப்பறையில் வந்து நின்றது. பெருக்குவது, தண்ணீர் விடுவது, சமையலுக்கு உதவுவது, கழிப்பறை கழுவுவது எல்லாம் முறை வைத்துப் பிள்ளைகளும் நாங்களும். ஓர் அப்பா வந்தார். நல்ல மனிதர், பள்ளிக்குக் கிணற்று மோட்டார் இரவல் தந்தவர். "ஏனுங்க டீச்சர், எம் பையன் கக்கூஸ் கழுவறதுக்கா பீஸ் கட்டறேன்?"

சுத்தம், காந்தி, தன் வேலை தானே என்றெல்லாம் நான் ஆரம்பித்தேன். அவர் கேட்டது அதுவல்ல என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். யார் வீட்டுப் பிள்ளை கழுவும், யார் வீட்டுப் பிள்ளை சமைக்கும், யார் கையால் யார் சாப்பிடுவது என்பதுதான் கேள்வி. பட்டியலை நான் போட்டால் எந்தப் பெயர் எங்கே வந்தாலும் அதற்கொரு அர்த்தம் கண்டுபிடிப்பார்கள். அதனால் பட்டியலை என் கையிலிருந்து விட்டேன். எல்லார் பெயரையும், எங்கள் மூன்று பேர் பெயரும் சேர்த்து, சீட்டெழுதி ஒரு சொம்பில் போட்டு, திங்கள்கிழமை கூட்டத்தில் பிள்ளைகளே குலுக்கி எடுப்பார்கள். முதல் வாரம் கழிப்பறைக்கு என் பெயரே வந்தது. பெற்றோர் சிலர் வேலியோரம் நின்று பார்த்தார்கள்.

இரண்டு குடும்பங்கள் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போய்விட்டன. ஒன்று அடுத்த வருடம் திரும்பி வந்தது, இன்னொன்று வரவில்லை. மோட்டார் தந்தவர் பிள்ளையை நிறுத்தவில்லை, ஆனால் மோட்டாரை எடுத்துக்கொண்டார். ஊரை மாற்றிவிட்டோம் என்று பெருமையடிக்க மாட்டேன். பள்ளிக்குள் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் பிள்ளைகள், ஊர்த் திருவிழாவில் இன்னமும் தனித்தனியாகத்தான் நிற்கிறார்கள்.

அடுத்த பூட்டு, பணம். வாழ்க்கைத் திறன் என்றால் பலரும் பயிற்சிப் பட்டறை நடத்துகிறார்கள். எங்களுக்கு ஒரு கடலை மிட்டாய் போதுமாக இருந்தது. சந்தையில் விற்கலாம் என்று ஒன்பது பிள்ளைகள் கேட்டார்கள். பள்ளிக் கணக்கிலிருந்து 650 ரூபாய் கடன் கொடுத்தோம். கடலை 5 கிலோ 450, வெல்லம் 4 கிலோ 200. இரண்டு நாள் வேலை. 180 துண்டு, 5 ரூபாய் வீதம் 900. சந்தையிலிருந்து, "250 ரூபாய் லாபம்!" என்று கத்திக்கொண்டே வந்தார்கள்.

எனக்கு நாக்கு துடித்தது. பேசாமல் இருந்தேன். மறுநாள் கூட்டத்தில் ஒரு பெண்தான் எழுந்து, "கேஸு யாரு காசு?" என்றாள். கேஸுக்கு 100 என்று வைத்தார்கள். பஸ்ஸுக்கு 84, காகித உறைக்கு 40. மிச்சம் 26 ரூபாய், ஒன்பது பேருக்கு, இரண்டு நாளுக்கு. அறையில் ஒரு சத்தமில்லை. பிறகு ஒருவன் கடைக்குப் போய் அதே 5 ரூபாய் மிட்டாய் ஒன்று வாங்கி வந்து தராசில் வைத்தான். எங்களுடையதில் பாதிகூட இல்லை. அதற்குப் பிறகு சராசரி, எடை, சதவீதம் என்று அந்த ஒரு மிட்டாயை வைத்து ஆறு வாரம் ஓடியது. 'இது வருமா' என்று யாரும் கேட்கவில்லை. துண்டைச் சின்னதாக்குவதா, விலையை ஏற்றுவதா என்று சண்டையே நடந்தது. சின்னதாக்கினால் ஏமாற்றுவதாகாதா என்று கேட்ட பிள்ளைக்கு இன்றுவரை எங்களிடம் எல்லாரும் ஒத்துக்கொள்ளும் பதில் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் பள்ளியின் வரவு செலவையும் சுவரில் ஒட்டினோம். அதற்கு முன்பு கட்டணம் 'முடிந்ததைக் கொடுங்கள்' முறை. கேட்க அழகாக இருக்கும், செய்ய வேண்டாம். டிராக்டர் வைத்திருந்தவர் 200 கொடுத்தார், களை வெட்டப் போகும் அம்மா 500 கொடுத்தார். கணக்குத் தெரியாமல் இருந்தவரை எல்லாரும் தோராயமாகக் கொடுத்தார்கள், நாங்கள் தோராயமாகக் கடன் வாங்கினோம். ஒரு பிள்ளைக்கு மாதம் இவ்வளவு ஆகிறது என்று சுவரில் எழுதியபின் மூன்று படிக் கட்டணம் வைத்தோம். எந்தப் படி என்பதைப் பெற்றோரே சொல்வார்கள். முடியாதவர்கள் மாதம் இரண்டு நாள் வேலை. செலவில் பெரும்பங்கு சம்பளம்தான். தொடக்கத்தில் ஆசிரியர்களுக்கு 6,000 கொடுத்தோம், சேவை மனப்பான்மை என்று சொல்லிக்கொண்டு. ஒரே வருடத்தில் இரண்டு பேர் போனார்கள். நல்ல ஆசிரியர்கள். தப்பு அவர்கள்மேல் இல்லை, வீட்டு வாடகையைச் சேவை மனப்பான்மையால் கட்ட முடியாது. இரண்டு வருடச் சம்பளம் கையில் இல்லாமல் தொடங்கியதுதான் நான் செய்த பெரிய அசட்டுத்தனம்.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்று உண்டு.

மாடு வியாபாரம் செய்பவரின் மகன் ஒருவன். ஒன்பது வயது, எழுத்து வரவில்லை. ஆனால் ஒரு மாட்டைச் சுற்றி வந்தால் சுழி, பல், நடை எல்லாம் சொல்வான். ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போனபோது, செவலையில் வெள்ளைத் திட்டுப் போட்ட பர்கூர் மாடு ஒன்றைக் காட்டி அவன் எங்களுக்கு அரை மணி நேரம் வகுப்பெடுத்தான். அவனை எழுத்துக்குக் கொண்டுவந்தது பால் சொசைட்டி அட்டை. அவன் வீட்டு இரண்டு மாட்டுப் பாலுக்கும் விலை ஏன் வேறு வேறு என்று அவனுக்குத் தெரிய வேண்டியிருந்தது. கொழுப்பு, இதர சத்து என்று இரண்டு எண்கள், தேதி, அப்புறம் பெயர். நாலு மாதத்தில் படித்துவிட்டான். 'பார்த்தீர்களா, காத்திருந்தால் தானாக வரும்' என்று வருகிற விருந்தினருக்கெல்லாம் இந்தக் கதையைச் சொல்லித் திரிந்தேன்.

அதே நேரத்தில் அதே அறையில் ஒரு பெண் இருந்தாள். அவளுக்கும் வரவில்லை. காத்திருந்தோம். கதை சொல்வாள், பாடுவாள், கணக்கு மனதிலேயே போடுவாள், எழுத்தைப் பார்த்தால் மட்டும் தலைவலி என்பாள். தானாக வரும், தானாக வரும் என்று இரண்டு வருடம் போயிற்று. அவள் அம்மா இரண்டு தடவை வந்து கேட்டார். இரண்டு தடவையும் நான் சமாதானம் சொல்லி அனுப்பினேன். கடைசியில் வெளியூரிலிருந்து வந்த சிறப்பாசிரியர் ஒருவர் அரை மணி நேரம் அவளோடு உட்கார்ந்துவிட்டு, இது டிஸ்லெக்ஸியாவாக (எழுத்தைப் படிப்பதில் வரும் கற்றல் குறைபாடு) இருக்கலாம், முறையாகப் பரிசோதியுங்கள் என்றார். அதேதான். தினமும் தனியாக நாற்பது நிமிடம், ஒலியிலிருந்து எழுத்துக்கு, ஒரு வருடத்துக்கும் மேல் உட்கார வேண்டியிருந்தது. இப்போது மெதுவாகப் படிக்கிறாள். அந்த இரண்டு வருடத்தை நான் திருப்பித் தர முடியாது. ஏழு வயது முடிந்தும் எழுத்துக்கு அருகில் வராத பிள்ளையை இப்போது நாங்கள் காத்திருப்பில் வைப்பதில்லை, கட்டாயம் ஒருவரிடம் காட்டுகிறோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் நாளுக்கு ஒரு வரி எழுதும் நோட்டும் அப்போதுதான் வந்தது. காத்திருப்பதும் கவனிக்காமல் விடுவதும் வெளியிலிருந்து பார்க்க ஒன்று போலவே இருக்கும். நோட்டைப் புரட்டினால் தெரிந்துவிடும்.

பெற்றோருக்கு எப்போதும் ஒரே பயம்: இங்கிருந்து திரும்பிப் போக முடியுமா? முடியும். கல்வி உரிமைச் சட்டப்படி வயதுக்கேற்ற வகுப்பில் அரசுப் பள்ளியில் சேரலாம், மாற்றுச் சான்றிதழைத் தாமதிக்காமல் தர வேண்டியது எங்கள் கடமை. சேரும்போதே இதைச் சொல்லிவிடுகிறோம். எங்களிடம் 8ஆம் வகுப்பு வரைதான். அப்புறம் பெரும்பாலானவர்கள் அரசு உயர்நிலைப் பள்ளிக்குப் போகிறார்கள். முதல் பருவம் சிரமப்படுவார்கள். மணியடித்ததும் பாதியில் நிறுத்துவது அவர்களுக்குப் பிடிப்பதில்லை. அதனால் 8ஆம் வகுப்பின் கடைசி ஆறு மாதம் தேர்வுத்தாள், நேரக் கட்டுப்பாடு, விடை எழுதும் முறை எல்லாம் சேர்த்தே பழக்குகிறோம். கொள்கைக்காரர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அதில் வெட்கமில்லை, அதுவும் ஒரு வாழ்க்கைத் திறன்தான். இரண்டு பேர் மட்டும், வீட்டிலிருந்தே படித்துத் தேர்வு எழுத வழி தரும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக 10ஆம் வகுப்பு எழுதினார்கள். 14 வயது முடிந்திருந்தால் போதும், ஐந்து பாடம், தமிழிலேயே எழுதலாம், எல்லாவற்றையும் ஒரே தடவையில் எழுத வேண்டியதும் இல்லை. ஆனால் கூடப் படிக்க ஆளில்லாமல் ஒருத்தி மிகவும் தனித்துப்போனாள். அடுத்த பிள்ளைக்கு அதை யோசித்துத்தான் சொல்வேன்.

மற்றபடி, பீரோ இன்னமும் இருக்கிறது. ரம்பமும் துளைபோடும் மிஷினும் இருப்பதால் இரவில் பூட்டுகிறோம். சாவி மாதத்துக்கு ஒரு பிள்ளையிடம் இருக்கும். போன ஐப்பசியில் அதை ஓர் அவசரத்துக்கு நான் வாங்கி, எங்கேயோ வைத்துத் தொலைத்துவிட்டேன். கூட்டத்தில் பேச்சு நடந்தது. எனக்காக வாதாட யாரும் வரவில்லை. புதுப் பூட்டு என் காசில், அது வரும்வரை தினமும் காலையில் எல்லாருக்கும் முன்னால் வந்து பீரோ பக்கத்தில் நான்தான் உட்கார வேண்டும் என்று முடிவாயிற்று. நான்கு நாள் உட்கார்ந்தேன். புதுச் சாவி இப்போது ஆறு வயதுப் பையன் ஒருவனின் கழுத்தில் தொங்குகிறது. கேட்டால், "எதுக்கு?" என்கிறான்.